துடிக்காத கனம்

அகதி விண்ணப்பப் படிவத்தில் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில் 'மீனவர்' என்று எழுதியதால் வந்த வினை அது. மாஸ்டர் அப்போதே தடுத்தார்.

"தம்பி, மாணவன் எண்டு போடு. இல்லாட்டி வயல் செய்யிற கமக்காரன் எண்டு போடு. மீன் பிடிக்கிறவனை வைச்சு இவங்கள் என்ன செய்யிறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஆட்கள் மன்னார்க் கடலில் பிடித்துக் கொடுத்த மீனைத் தின்றுதானே நீங்களெல்லாம் படித்து மாஸ்டர் ஆனீர்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "மீனவர் எண்டே போடுங்கோ" என்றேன். அவர் ஜெர்மன் சொல்லை அகராதியில் தேடிப் பெரிய எழுத்தில் எழுதினார்.

மாஸ்டர் என்பவர் என் அறைக்காரர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஜெர்மனியில் வுப்பர்டாலுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மூடப்பட்ட நெசவாலையின் அலுவலகக் கட்டடத்தில் எங்கள் விடுதி இருந்தது. எனக்கும் அவருக்கும் ஓர் அறை. வேலை செய்ய அனுமதி இல்லை, அனுமதிச் சீட்டு இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. காலையில் எழுந்து, சமைத்து, தின்று, தபால்காரனைப் பார்த்து, மறுபடி சமைப்போம். மாஸ்டர் மட்டும் பத்திரிகையை வைத்து ஜெர்மன் படித்தார். விடுதியில் எவருக்கு அலுவலகத்தில் நாள் குறித்து 'டெர்மின்' வந்தாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். "கடல் வத்தினால் கருவாடு தின்னலாமெண்டு காத்திருந்த கொக்குத்தான் நாங்கள்" என்று தன்னையும் சேர்த்துக் கிண்டலடிப்பார்.

அம்மாவின் கடிதம் மாதம் ஒன்று வரும். நலம் விசாரிப்புக்குப் பிறகு எல்லாக் கடிதத்திலும் ஒரே செய்திதான். அண்ணனை இன்ன முகாமில் இன்னார் கண்டதாகச் சொன்னார்கள், அண்ணன் வந்தால் உன்னிடம் அனுப்பிவிடுகிறேன், அவனுக்கும் அங்கே குளிருக்கு ஓர் உடுப்பு வாங்கி வை. நானும் பதில் எழுதுவேன். அண்ணனைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுத மாட்டேன். என்னிடம் ஒரு விஷயம் இருந்தது, அதை அம்மாவிடம் சொல்லாமல்தான் விமானம் ஏறியிருந்தேன். சொல்வதா விடுவதா என்ற கேள்வி தொண்டையில் முள்ளாகச் சிக்கி இரண்டு வருடமாகக் கிடந்தது.

நடந்தது இதுதான். கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த காலத்தில், பசி பொறுக்காமல் அண்ணன் சிறு வள்ளத்தில் தனியே போனான். இரண்டாம் நாள் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. நேவி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தேவாலயத்துச் சாமியார் வீட்டுக்கு வந்து, செத்தவர்களுக்கு ஒப்புக்கொடுக்கும் முப்பத்தோராம் நாள் பூசையைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தபோது, "உயிரோட இருக்கிறவனுக்கு என்ன பூசை சாமி?" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அதற்குச் சில நாட்கள் முன்பு, அண்ணன் போய் மூன்றாம் வாரம், நானும் அக்காவின் கணவரான அத்தானும் கரையோரமாகவே திருக்கை வலை போட்டோம். விடியப் போய் இழுத்தோம். வலை கனத்தது, ஆனால் துடிக்கவில்லை.

கடலில் தொழில் செய்கிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீன் என்றால் எவ்வளவு களைத்துப்போயிருந்தாலும் கயிறு வழியே ஓர் உதறலாவது கைக்கு வரும். கனத்தும் துடிக்காமல் வருவது மனிதன்தான். முந்திய காலத்தில், கடலில் கிடைத்த பிணத்தைக் கரைக்குக் கொண்டு வராமல் விடுவது பெரும் பாவம். அந்த வருடங்களில் அது தலைகீழாகிவிட்டது. கொண்டு வந்தவனை நேவிக்காரர் பிடித்து, நீ யார், இவன் யார், எங்கே கண்டாய் என்று அடித்தார்கள். அதனால் எங்கள் கரையில் எவரும் சொல்லிக்கொள்ளாமலே ஒரு வழக்கம் வந்தது. துடிக்காமல் கனத்தால், பார்க்காதே, வலையை வெட்டி விடு.

அத்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்காப் பாத்திட்டு விடுவமடா" என்றார். அவர் குரல் கெஞ்சியது. நான் கத்தியை எடுத்து, கனத்த பகுதியை வலையோடு சேர்த்து வெட்டி விட்டேன். நேவிக்குப் பயந்து வெட்டினேன் என்று பிறகு அவரிடம் சொன்னேன். அது பொய். முகத்தைப் பார்க்கப் பயந்துதான் வெட்டினேன். வீட்டில் வலை பாரில் கொழுவிக் கிழிந்துவிட்டது என்றோம், கடலடிப் பாறையில் வலை கிழிவது புதிதல்ல. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் முற்றத்தில் இருந்து அந்த வலையின் கிழிசலைப் பொத்தினாள்.

அதன் பிறகு தண்ணீரோடு எனக்குச் சரிவரவில்லை. அந்தச் சிற்றூரின் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது நடுவில்தான் நடப்பேன். விடுதியில் உடுப்புத் தோய்க்கும் அறையில் நனைந்த போர்வையைத் தூக்கியதும் அதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்த நாளும் உண்டு.

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடைத் தொடக்கத்தில் ஒருநாள், விடுதியைப் பராமரிக்கும் பெரியவர் எங்கள் கதவைத் தட்டினார். அறுபது வயதுக்காரர். குழாய் ஒழுகினாலும் கண்ணாடி உடைந்தாலும் அவரேதான் வருவார், முகத்தில் சிரிப்பும் இருக்காது சிடுசிடுப்பும் இருக்காது. அவர் அன்று நேராக என்னைக் காட்டி மாஸ்டரிடம் நீளமாகப் பேசினார். மாஸ்டரின் கண்கள் அகன்றன.

"தம்பி, இவர் ஒரு தூண்டில் சங்கத்தில இருக்கிறாராம். வாற ஞாயிறு பக்கத்து ஊர்ச் சங்கத்தோட போட்டியாம். சோடி சோடியாச் சேர்ந்து பிடிக்கிறதாம். இவற்ரை சோடிக்காரன் இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில. உன்ரை ஃபைலில மீனவர் எண்டு கிடக்காம். வாறியோ எண்டு கேக்கிறார்."

ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் என்னால் முடிந்த ஒன்றை எவரும் என்னிடம் கேட்டதில்லை. "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

போட்டி நடக்கும் ஏரி எல்லைக்கு அப்பால், அடுத்த மாவட்டத்தில் இருந்தது. பெரியவர் தாமே எங்களோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வந்து அனுமதி கேட்டார். பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்ட பெண்ணிடம் "மீன்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார். அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினாள். சங்கத்தில் எனக்கு ஒருநாள் விருந்தாளிச் சீட்டும் எடுத்துவிட்டார். மாஸ்டருக்கு மொழிபெயர்ப்பாளர் பதவி. மனுசன் அதற்காகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

மணல் தோண்டிய பெரும் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரி அது. நான் அதுவரை அப்படி ஒரு தண்ணீரைக் கண்டதில்லை. அலை இல்லை, வற்று இல்லை, பெருக்கு இல்லை, உப்பு மணம் இல்லை. கரையில் வெள்ளைத் தண்டு மரங்கள் நின்றன, அவற்றின் நிழல்கள் நீரில் தலைகீழாக அசையாமல் நின்றன. கடல் ஓயாமல் பேசும், அதனால் அதன் மனம் ஓரளவு பிடிபடும். இது வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தது. கூடாரக் குடையோடு வந்திருந்த மற்றச் சங்கத்துத் தடித்த மனிதனிடம் மாஸ்டர் ஆழம் கேட்டார். அங்கே சில இடங்களில் எட்டு மீற்றராம், தோண்டிய இயந்திரம் ஒன்று அடியிலேயே விடப்பட்டதாம். அதைக் கேட்டிருக்கத் தேவையில்லை.

சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார்கள். எனக்குப் பதினொன்று, பக்கத்து இடம் அந்தத் தடித்த மனிதனுக்கு, பெரியவருக்கு அக்கரையில் ஓர் இடம். போகுமுன் அவர் ஒரு தூண்டில், நெளிந்துகொண்டிருக்கும் புழுக்கள் நிறைந்த ஒரு டப்பா, மீனைக் கவர ஊறவைத்த பாண்தூள், நூல் வெட்டச் சிறு கத்தி, பிடித்த மீனை உயிரோடு தண்ணீருக்குள் வைக்கும் நீளமான வலைப்பை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, என் தோளில் ஒருமுறை தட்டினார். முடிவில் இருவர் பிடித்ததையும் சேர்த்து நிறுப்பார்கள். மூன்று வருடமாக இவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று மாஸ்டர் ரகசியமாகச் சொன்னார்.

விசில் ஊதினார்கள். முதல் மீன் என் சுண்டுவிரல் நீளம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"மாஸ்டர், இதை எங்கட ஊரில பூனையும் தின்னாது."

"பூனை தின்னுதோ இல்லையோ, தராசு தின்னும். போடு பைக்குள்ள."

போட்டேன். முதல் மணித்தியாலம் தடுமாறினேன். எங்கள் கை கயிற்றுக்குப் பழகிய கை, இங்கே நூலில் கட்டிய மிதப்பு ஈர்க்குத் தடிப்பில் நின்றது. பிறகு பிடிபட்டது. பாண்தூளை உருட்டி ஒரே இடத்தில் போட வேண்டும், மிதப்பு தாழ்ந்ததும் மணிக்கட்டால் மட்டும் சுண்ட வேண்டும். சிவந்த கண்ணுள்ள வெள்ளி மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒவ்வொன்றும் உதறிக்கொண்டு வந்தது. அந்த உதறல் கைக்குள் வந்தபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. தடித்த மனிதன் என் பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கூட்டாளியைக் கூப்பிட்டான். மாஸ்டர் சொசேஜ் வைத்த பாணைத் தின்றுகொண்டே, "விட்டுடாதை, நாங்கள் முன்னுக்கு நிக்கிறம்" என்று 'நாங்கள்' ஆகிவிட்டார்.

முடிய இன்னும் கால் மணித்தியாலம் இருக்கும். மிதப்பு தாழவில்லை. அதற்குப் பதிலாக மெல்ல மேலே எழுந்து தண்ணீரின் மேல் படுத்தது. நான் தூக்கினேன். தூண்டில் வளைந்தது.

கனம், துடிப்பில்லாத கனம். இழுக்க இழுக்க அடியிலிருந்து அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் பின்னால் எழுந்து நின்று ஏதோ கத்தினார். அவர் குரல் எனக்கு அத்தானின் குரலாகக் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்கு அப்படித்தான் கேட்டது. ஒருக்காப் பாத்திட்டு விடுவமடா. தண்ணீருக்குள் ஏதோ வெளிறியது. என் வலது கை தானாகவே கத்தியை எடுத்து நூலை வெட்டிவிட்டது.

தூண்டில் துள்ளி நிமிர்ந்தது. மேற்பரப்பில் ஒரு பெரிய மீன் பக்கவாட்டில் சரிந்து, வெண்கல நிறமான தன் அகன்ற உடம்பை ஒரு கணம் காட்டிவிட்டு, அதே அவசரமின்மையோடு உள்ளே போனது. தடித்த மனிதன் இரண்டு கையையும் தலையில் வைத்தான். "ப்ராஸன்! ப்ராஸன்!" என்று அந்த மீனின் பெயரைச் சொல்லி எனக்காக அவனே அழாத குறையாகக் கத்தினான். எதிராளி.

நிறுத்தபோது இருநூறு கிராமால் தோற்றோம். அந்த மீன் மூன்று கிலோ இருந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கைதவறி நூல் அறுந்திருந்தால் அனுதாபப்பட்டிருப்பார்கள். கத்தியால் வெட்டியதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவன் நெற்றியில் விரலால் தட்டிக் காட்டினான். எனக்கு அவனை ஏரிக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

பெரியவர் கோபப்படவில்லை. ஒரு தகரக் கோப்பையில் கோப்பி கொண்டுவந்து தந்து, "வாரும்?" என்று கேட்டார். ஏன் என்று அர்த்தம், அந்த ஒரு சொல் எனக்கே விளங்கியது. அவர் மாஸ்டரிடம் எதையோ கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"இந்தச் சாதி மீன் இப்பிடித்தானாம் தம்பி. பெரிசெண்டால் சண்டை பிடிக்காதாம். ஈரச் சாக்கை இழுக்கிற மாதிரி வருமாம். முதல் முறை பிடிக்கிறவனுக்கு மீனெண்டே தெரியாதாம். உன்னில பிழையில்லை எண்டு சொல்லுறார்."

என் கையில் கோப்பி தளும்பத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை. குளிர் என்று நினைத்துப் பெரியவர் தன் மேலங்கியைக் கழற்றி எனக்குப் போர்த்தினார். கோடை வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே விடுதிப் படிக்கட்டில் இருந்து மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளம், வலை, கத்தி. அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பேசியது இதுதான்:

"இதை அகதி விசாரணையில சொன்னனியே?"

"எதை?"

"வலையில பிணம் வந்ததை. கொண்டு போனால் அடிக்கிறாங்கள் எண்டதை. நீ சும்மா கடலுக்குப் போக விடேல்லை எண்டு மட்டும்தானே சொன்னனி? இதைச் சொல்லியிருந்தால் உன்ரை கேஸ் எங்கேயோ போயிருக்கும். இப்பவும் வக்கீலிட்டச் சொல்லி ஒரு…"

"அது என்ரை அண்ணன் மாஸ்டர்!" என்று கத்தினேன். மேல்மாடிக் கதவுகள் திறந்தன. அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் என் கையைத் தட்டிவிடவில்லை.

"கொண்ணன் எண்டு உனக்கெப்பிடித் தெரியும்? பாத்தனியே?" என்று அமைதியாகக் கேட்டார். கணக்கு மாஸ்டர்தானே. "சரி, பேப்பருக்கு வேண்டாமெண்டால் விடு. கொம்மாவுக்குச் சொன்னனியே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அந்த மீன் என்னை விடவில்லை. துடிக்காததெல்லாம் பிணம் அல்ல என்று அது காட்டிவிட்டுப் போயிருந்தது. எங்கள் கடலில் அந்தச் சாதி மீன் இல்லைதான், ஆனால் கடலில் என்னதான் இல்லை? ஊறிப்போன மரக்குற்றியாக இருந்திருக்கலாம். செத்த திருக்கையாக இருந்திருக்கலாம். உடைந்த வள்ளத்தின் பலகையாகவும் இருந்திருக்கலாம். இரண்டு வருடமாக எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று தெரியாததாகிவிட்டது. அது ஆறுதல் என்று நினைத்தேன். ஆறுதலை அம்மாவுக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

மூன்று தாள் எழுதினேன். ஏரியைப் பற்றி, பெரியவரைப் பற்றி, ஈரச் சாக்குப் போல வந்த மீனைப் பற்றி முதலில் எழுதினேன். பிறகு, அம்மா, அன்றைக்கு வலை பாரில் கொழுவவில்லை, நான்தான் வெட்டினேன், ஆனால் அது மரக்குற்றியாகத்தான் இருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை, நீங்கள் யோசிக்க வேண்டாம் என்று எழுதி முடித்தேன். தபாற்பெட்டிக்குள் போட்டபோது உடம்பு இலேசாக இருந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

பதில் வர இரண்டு மாதமானது. அம்மா நான்காம் வகுப்புவரை படித்தவள், எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். தாளில் பாதிதான் எழுதியிருந்தாள்.

"மகனுக்கு. உன்ரை கடிதம் கிடைச்சுது. அந்த வலையைப் பொத்தினது நான்தானே. பாரில கிழிஞ்சதுக்கும் கத்தியால வெட்டினதுக்கும் வித்தியாசம் தெரியாதே எனக்கு? கேட்டால் நீ சொல்லிப்போடுவாய் எண்டுதான் கேக்கேல்லை. கொத்தானையும் கேக்கேல்லை. நீங்கள் ஒருத்தரும் சொல்லாத வரைக்கும் அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு இருந்தனான். மரக்குத்தி எண்டு எழுதியிருக்கிறாய். மரக்குத்தி எண்டால் இரண்டு வரியமா ஏன் மறைச்சனி? நீ வெட்டினதைப் பற்றி எனக்குக் கோவமில்லை. நானெண்டாலும் பாத்திருக்க மாட்டன். சாமியாரிட்டச் சொல்லி வாற முதல் வெள்ளிக்கிழமை அவனுக்குப் பூசைக்குக் குடுத்திருக்கிறன். நீயும் அண்டைக்கு அங்க ஒரு கோயிலுக்குப் போ. குளிர் நாடு, நெஞ்சில சளி பிடிக்காமல் பாத்துக்கொள். அம்மா."

சமையலறையில் நின்று வாசித்தேன். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை போய்ப் பதினேழு நாளாகியிருந்தது. அன்று நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், எதுவும் நினைவுக்கு வரவில்லை. மற்ற எல்லா நாளையும் போல ஒரு நாள். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா உயிரோடு வைத்திருந்தவனை, என் நெஞ்சு கனக்கிறதென்று நான் மூன்று தாளில் கொன்றுவிட்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வளர்ந்துவிட்ட என் பிள்ளைகள் வேறு மாதிரிச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், எனக்கு ஏறவில்லை.

மாஸ்டர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை மடிப்பதைப் பார்த்து, "என்னவாம் கொம்மா?" என்று கேட்டார்.

"சளி பிடிக்காமல் பாக்கட்டாம்" என்றேன்.